அறுபடாத பேச்சு: செல்பேசிக் கைமாற்றத்தின் வரலாறு

செல்பேசியில் பேசியபடி பயணம் செய்பவரை ஒரு கோபுரம், தன் எல்லை முடியும் இடத்தில், அடுத்த கோபுரத்திடம் ஒப்படைப்பதற்குக் கைமாற்றம் என்று பெயர். அப்போது பேச்சு அறக்கூடாது, குரல் சிதையக்கூடாது, மறுமுனையில் இருப்பவருக்கு மாற்றம் நடந்ததே தெரியக்கூடாது. நகரும் தொலைபேசியின் ஏறத்தாழ எண்பதாண்டு வரலாற்றில் பொறியாளர்களை விடாமல் உழைக்கவைத்த வேலை இது. நகர்வும் சேவைத் தரமும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒரு கோபுரம் சேவை தரும் பகுதிக்குச் செல் என்று பெயர். அதன் பரப்பைச் சுருக்கினால் அதே அலைக்கற்றையில் அதிகம் பேர் பேசலாம். ஆனால் எல்லைகள் பெருகும், எல்லைதோறும் அழைப்பு அறும் ஆபத்தும் பெருகும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது. எந்தக் கணத்தில் மாறுவது என்பதை யார் முடிவு செய்வது? வந்து சேரப்போகிறவருக்காக எதை ஒதுக்கிவைப்பது?

1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் தொடங்கிய கார் தொலைபேசிச் சேவையில் இந்தக் கேள்விகள் எழவே இல்லை. நகரின் நடுவே உயரத்தில் ஓர் அலைபரப்பி இருந்தது. அதன் அலை எட்டும் மட்டும் சேவை. அதைத் தாண்டினால் பேச்சு முடிந்தது. காரில் ஏற்றிய கருவியின் எடை சுமார் 36 கிலோ. எண்ணைச் சுழற்றிக் கூப்பிட வழியில்லை. ஆபரேட்டரிடம் சொல்லி இணைப்பு வாங்க வேண்டும்; பேசும்போது பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். நகர் முழுமைக்கும் இருந்த அலைவரிசைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசத் தொடங்கினால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. 1960களில் ஆபரேட்டர் இல்லாமலே எண்ணைச் சுழற்றும் வசதி வந்தது, பொத்தானும் போனது. அலைவரிசைப் பஞ்சம் மட்டும் அப்படியே நின்றது. 1976இல்கூட நியூயார்க் நகரில் பெல் நிறுவனத்தின் கார் தொலைபேசி வைத்திருந்தவர்கள் 545 பேர்தான். காத்திருந்தவர்கள் 3,700 பேர்.

பஞ்சத்துக்கான தீர்வு காகிதத்தில் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங், ரே யங் என்னும் சக பொறியாளரின் துணையோடு ஓர் உள்குறிப்பைத் தயாரித்தார். பெரிய நிலப்பரப்பை அறுகோணச் சிறுபகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் வலுக்குறைந்த அலைபரப்பியை வைப்பது, போதிய தொலைவு தள்ளியிருக்கும் பகுதிகளில் அதே அலைவரிசைகளை மறுபடி பயன்படுத்துவது என்பது அதன் சாரம். அதே மாதம் அதே ஆய்வகத்தில்தான் டிரான்சிஸ்டரும் பிறந்தது. ஆனால் ரிங்கின் குறிப்புக்கு உயிர்கொடுக்கத் தேவையான மின்னணு இணைப்பகமோ அலைக்கற்றையோ அப்போது இல்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் எந்தச் செல்லில் இருக்கின்றன என்று கணந்தோறும் கவனித்து, இணைப்பைத் திருப்பிவிடும் வேகம் அன்றைய ரிலே சாதனங்களுக்குக் கிடையாது.

சேவைத் தரத்தை எண்ணால் அளக்கும் கலை அதற்கும் முந்தையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் குராருப் எர்லாங், அழைப்புகள் எந்த ஒழுங்கும் இன்றி வந்து விழும்போது எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை பேருக்கு இடமில்லாமல் போகும் என்பதை 1909 முதல் ஆராய்ந்து, 1917இல் புகழ்பெற்ற சூத்திரமாக வெளியிட்டார். ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருந்தால் அந்தப் போக்குவரத்தின் அளவு இன்று ஓர் எர்லாங். நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேல் மறுக்கப்படக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 10 இணைப்புகள் சுமார் 5 எர்லாங் சுமையைத் தாங்கும். 20 இணைப்புகளோ 10 அல்ல, 13 எர்லாங்கைத் தாங்கும். பொதுத்தொகுப்பு பெரிதாகப் பெரிதாக ஒவ்வோர் இணைப்பும் கூடுதலாக உழைக்கிறது. செல் அமைப்பு இந்த ஆதாயத்தைத் தானே முன்வந்து இழக்கிறது, ஏனெனில் அது அலைவரிசைகளைச் சிறுசிறு தொகுப்புகளாகப் பங்கிட்டுச் செல்களிடம் கொடுக்கிறது. இழந்ததைப் பன்மடங்காக மீட்டுத்தருவது மறுபயன்பாடு. செல்பேசி அமைப்பை வடிவமைத்தவர்கள் எல்லோரும் இந்த இழப்பையும் வரவையும் எர்லாங்கின் அட்டவணையை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். மறுப்பு 2 சதவீதம் என்ற இலக்கும் அவர்களிடையே வழக்கமாயிற்று.

கைமாற்றம் மக்கள் புழக்கத்துக்கு முதலில் வந்த இடம் ஒரு ரயில். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய மெட்ரோலைனர் விரைவு ரயிலில் 1969 ஜனவரியில் கட்டணத் தொலைபேசிகள் நிறுவப்பட்டன. சுமார் 360 கிலோமீட்டர் பாதை ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. 450 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆறு அலைவரிசைகள் மண்டலத்துக்கு மண்டலம் மறுபடி மறுபடி பயன்பட்டன. ரயில் ஒரு மண்டலத்தைக் கடந்துவிட்டதைத் தண்டவாளத்தில் பொருத்திய உணரிகள் அறிவிக்கும். பிலடெல்பியாவில் இருந்த கணினிக் கட்டுப்பாட்டு மையம் அழைப்பை அடுத்த நிலையத்துக்கு மாற்றும். பேசிக்கொண்டிருக்கும் பயணிக்கு இது எதுவும் தெரியாது. செல் முறையின் சாரம் முழுவதும் இங்கே செயல்பட்டது என்றாலும், கடினமான பாதி இன்னும் தொடப்படவில்லை. ரயில் எந்த வழியில் போகும் என்பது முன்பே தெரியும், எப்போது எல்லையைத் தாண்டியது என்பதைத் தண்டவாளமே சொல்லிவிடும். எந்தத் தெருவில் திரும்பும் என்று தெரியாத காருக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை.

அந்தப் பாதியைத் தொட்டவர்களில் முதன்மையானவர் பெல் ஆய்வகத்தின் ஆமோஸ் ஜோயல். தொலைபேசி இணைப்பகங்களில் ஊறியவர் அவர். பல செல்களைக் கடந்து செல்லும் வண்டியின் அழைப்பை இடையறாமல் தொடரச்செய்யும் இணைப்பு முறைக்கு அவர் 1970இல் காப்புரிமை கோரினார். 1972 மே மாதம் அது வழங்கப்பட்டது. ரிச்சர்ட் ஃபிரெங்கியல், ஜோயல் எங்கல், பிலிப் போர்ட்டர் ஆகியோர் செல்லின் அளவு, அலைவரிசைப் பங்கீடு, ஆன்டெனாக்களின் திசை ஆகியவற்றை வகுத்தார்கள். அறுகோணத்தின் நடுவில் எல்லாத் திசைக்கும் பரப்பும் ஆன்டெனாவுக்குப் பதில், மூலைகளில் திசை பார்த்து நிறுத்திய ஆன்டெனாக்களை வைக்கலாம் என்ற போர்ட்டரின் யோசனையின் வழித்தோன்றல்களே இன்று கோபுரங்களின் மூன்று பக்கமும் தொங்கும் பலகைகள். 1971 டிசம்பரில் முழுத் திட்டமும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. 1978இல் சிகாகோவில் பத்துச் செல்களோடு வெள்ளோட்டம் நடந்தது. வணிகச் சேவை 1983 அக்டோபர் 13 அன்று அதே நகரில் தொடங்கியது. அதற்குள் டோக்கியோவில் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1979இலேயே கார் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. 1981இல் வந்த வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அமைப்போ எல்லை கடந்த ரோமிங்கையும் சேர்த்தே கொண்டுவந்தது.

சிகாகோவில் பிறந்த அமைப்பில் தொலைபேசிக் கருவிக்குத் தன் நிலைமை எதுவும் தெரியாது. அதன் அலை மங்குவதைக் கோபுரம் கவனிக்கும்; இணைப்பகம் சுற்றிலுமுள்ள செல்களிடம் அந்தக் கருவியின் அலையை அளந்து சொல்லச் சொல்லும்; வலுவாகக் கேட்கும் செல்லில் ஓர் அலைவரிசையை எடுத்துவைத்து, அங்கே போ என்று கட்டளை அனுப்பும். கட்டளை போவதற்கு வேறு வழி கிடையாது, பேச்சு ஓடும் அலைவரிசையிலேயே போக வேண்டும். அதற்காகக் குரல் ஒரு கணம் நிறுத்தப்படும். கூர்ந்து கேட்பவருக்கு ஒரு சிறு விழுங்கல் போல அது கேட்கும். ஒரே அலைவரிசையில் பேசும் வேறொரு செல்லின் குரல் ஊடுருவியிருக்கிறதா என்று அறிய, மூன்று மெல்லிய கண்காணிப்பு ஒலிகளில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் ஓடிக்கொண்டிருந்தது. கருவி அதைத் திருப்பி அனுப்பும். தவறான ஒலி திரும்பிவந்தால் அழைப்பு வேறு யாருடைய எல்லைக்குள்ளோ போய்விட்டது என்று பொருள்.

இந்த அமைப்பு பரவியபோது எர்லாங் சூத்திரத்தில் இல்லாத ஒரு நியாயப் பிரச்சினை வெளிப்பட்டது. செல் நிரம்பியிருக்கிறது, இருவர் கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் புதிதாகப் பேச விரும்புபவர். மற்றவர் பக்கத்துச் செல்லிலிருந்து பேசிக்கொண்டே வருபவர். முன்னவருக்கு இடமில்லை என்றால் அவர் சலித்துக்கொண்டு மறுபடி முயல்வார். பின்னவருக்கு இடமில்லை என்றால் பாதிப் பேச்சு அறுந்துபோகும். மறுப்பதைவிட அறுப்பது பெரிய குற்றம் என்பது எல்லோருக்கும் பட்டது. 1986இல் ஹாங், ராப்பபோர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் இதைக் கணித வடிவில் எழுதினார்கள். ஒவ்வொரு செல்லிலும் சில அலைவரிசைகளைக் கைமாறி வருபவர்களுக்கென்றே காவல் வைப்பது. இரு செல்களின் அலையும் எட்டும் இடைப்பகுதியில் வண்டி இருக்கும்வரை கைமாற்றக் கோரிக்கையை வரிசையில் நிறுத்திவைப்பது. இவற்றால் அறுபடல் எவ்வளவு குறைகிறது, புதிய அழைப்புகளின் மறுப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். காவல் வைத்த அலைவரிசை பல நேரம் சும்மா கிடக்கும். யாராவது வருவார் என்பதற்காக ஒன்றை வெறுமையாக வைத்திருப்பதன் விலை அது. அடுத்த இருபதாண்டுகளில் இத்துறையில் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் ஊற்றுக்கண் இந்தக் கட்டுரைதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஐரோப்பாவில் 1982இல் தொடங்கிய பொதுத்தர முயற்சி ஜி.எஸ்.எம். ஆக உருவெடுத்து, 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பைக் கண்டது. கைமாற்ற வரலாற்றில் இதன் பெரிய மாற்றம், அளக்கும் வேலை கைபேசியிடம் வந்ததுதான். ஓர் அலைவரிசையின் நேரம் எட்டுத் துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கைபேசி ஒரு துண்டில் பேசும், ஒரு துண்டில் கேட்கும். மற்ற நேரம் அதற்கு ஓய்வு. அந்த ஓய்வில் அது அக்கம்பக்கத்துக் கோபுரங்களுக்குக் காதுகொடுத்து, வலுவான ஆறு கோபுரங்களின் அளவுகள் வரை, ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை, வலையமைப்புக்கு அறிக்கை அனுப்பியது. முடிவு வலையமைப்பினுடையது, சாட்சி கைபேசியினுடையது. கைபேசி நிற்கும் இடத்தில் அலை எப்படி இருக்கிறது என்பது அங்கே இருக்கும் கைபேசிக்குத்தான் சரியாகத் தெரியும் என்பதால் கைமாற்றம் வெகுவாகத் துல்லியமடைந்தது.

அளவு துல்லியமானதும் அடுத்த சிக்கல் தலைகாட்டியது. இரு செல்களின் எல்லைக்கோட்டில் நடப்பவரின் கைபேசிக்கு ஒரு கணம் இந்தக் கோபுரம் வலுவாகத் தெரியும், மறுகணம் அந்தக் கோபுரம். உடனுக்குடன் மாற்றினால் அழைப்பு பந்துபோல அங்குமிங்கும் அடிபடும். எனவே புதிய கோபுரம் சில டெசிபல்கள் கூடுதல் வலுவோடு, சிறிது நேரம் தொடர்ந்து இருந்தால் மட்டுமே மாறுவது என்று விதி வைத்தார்கள். அந்தச் சில டெசிபலையும் அந்தச் சிறிது நேரத்தையும் எவ்வளவு என்று நிர்ணயிப்பதே இன்றுவரை வலையமைப்புப் பொறியாளரின் அன்றாடத் தலைவலி. குறைத்தால் அலைச்சல், கூட்டினால் வேகமாகப் போகும் வண்டி பழைய கோபுரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே அலை அற்றுப்போகும்.

பேசாமல் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசிக்கும் நகர்வு உண்டு. அதற்கு அழைப்பு வந்தால் எங்கே தேடுவது? ஜி.எஸ்.எம். பல செல்களைச் சேர்த்து ஓர் இருப்பிடப் பகுதியாக்கியது. பகுதி மாறும்போது மட்டும் கைபேசி தன் வரவைத் தெரிவிக்கும். சொந்த வலையமைப்பின் பதிவேடும் போன இடத்தின் பதிவேடும் அதைக் குறித்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் அந்தப் பகுதியின் எல்லாக் கோபுரங்களும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பகுதி பெரிதானால் கூப்பிடும் செலவு. சிறிதானால் தெரிவிக்கும் செலவு, பேட்டரிச் செலவு. சென்னைவாசியின் சிம் லண்டனில் இறங்கியதும் உயிர்பெறுவது இந்தப் பதிவேடுகளின் வேலை.

அமெரிக்காவில் குவால்காம் நிறுவனம் 1989இல் சான் டியேகோவில் செய்துகாட்டிய சி.டி.எம்.ஏ. முறை வேறொரு வழியில் போனது. எல்லாச் செல்களும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தின. உரையாடல்களைப் பிரித்தவை குறியீடுகள். அலைவரிசை மாற வேண்டியதில்லை என்பதால் கைபேசி எல்லையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோபுரங்களோடு பேச முடிந்தது. பழைய பிடியை விடுமுன் புதிய பிடியைப் பற்றும் இந்த மென்கைமாற்றத்தில் வெட்டு என்பதே இல்லை. ஆனால் எல்லையில் நிற்கும் ஒருவர் இரண்டு கோபுரங்களின் திறனை உண்கிறார். குரல் மட்டும் ஓடிய காலத்தில் அந்தச் செலவு ஏற்கத்தக்கதாக இருந்தது. 2001 அக்டோபரில் ஜப்பானில் தொடங்கிய 3ஜி சேவையும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

இந்தியாவுக்குச் செல்பேசி 1995 ஜூலை 31 அன்று வந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். சென்னைப் பெருநகருக்கு உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்னும் இரு நிறுவனங்கள். அழைப்புக் கட்டணம் வீழ்ந்து இணைப்புகள் கோடிக்கணக்கில் பெருகியபோது அறுபடல் அன்றாட அனுபவமாயிற்று. "கால் டிராப்" தமிழிலும் பேச்சு வழக்காயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் வகுத்த தரவிதிகளின்படி அறுபடும் அழைப்புகள் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2015 அக்டோபரில் அது ஒரு படி மேலே போனது. அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் வாடிக்கையாளருக்கு 1 ரூபாய், நாளுக்கு மூன்று அழைப்புகள் வரை, 2016 ஜனவரி 1 முதல் தர வேண்டும் என்றது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2 சதவீதம் வரை அறுபடலை அனுமதிக்கும் விதியும் ஒவ்வோர் அறுபடலுக்கும் தண்டம் கேட்கும் விதியும் ஒத்துப்போகவில்லை என்பது அவற்றின் வாதங்களில் முக்கியமானது. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டு விதியை ரத்து செய்தது.

அந்த விவாதத்தில் வெளிவந்த ஒரு தொழில்நுட்ப விஷயம் கவனத்துக்கு உரியது. அலை மங்கியபின் எவ்வளவு நேரம் காத்திருந்து அழைப்பை அறுந்ததாகக் கணக்கில் எழுதுவது என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அதைக் கூட்டிவைத்தால் குரல் கேட்காமலே அழைப்பு நீடிக்கும். பயனர் தானே துண்டிப்பார். கணக்கில் அது அறுபட்ட அழைப்பாக ஏறாது. நிறுவனங்கள் இப்படிச் செய்வதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சராசரி என்பதும் ஏமாற்றும். நகரமெங்கும் சேவை நன்றாக இருந்து, ஒரு பேட்டை மட்டும் மாதம் முழுவதும் தவித்தாலும் சராசரி 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். டிராய் 2017இல் அளவையை மாற்றி, 90 சதவீதச் செல்கள் 90 சதவீத நாட்களில் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றது. தரம் என்பது வலையமைப்பின் தரமா, அதில் பேசுகிறவர் பெறும் தரமா என்ற கேள்விக்கு இந்த மாற்றம் பயனர் பக்கம் நின்று விடை சொன்னது. இழப்பீட்டைவிட இதுதான் அடிப்படையான சீர்திருத்தம்.

குரலிலிருந்து தரவுக்கு உலகம் நகர்ந்தபோது பழைய கருவிகள் பல பயனற்றுப் போயின. இணையத்தில் ஐ.பி. முகவரி ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது: கணினி எது என்றும் சொல்கிறது, எங்கே இருக்கிறது என்றும் சொல்கிறது. இடம் மாறினால் முகவரி மாற வேண்டும். முகவரி மாறினால் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் எல்லாம் அறும். சார்லஸ் பெர்கின்ஸ் தொகுத்து 1996இல் வெளியான மொபைல் ஐ.பி. விதிமுறை, சொந்த வலையமைப்பில் ஒரு முகவரை நிறுத்தியது. வரும் தரவுப் பொட்டலங்களை அவர் வாங்கி, பயணியின் தற்காலிக முகவரிக்குச் சுரங்கவழி அனுப்புவார். நேர்த்தியான ஏற்பாடுதான்; ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பொட்டலமும் தொலைதூரத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாக வேண்டும். பெரும்பாலான செல்பேசி நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் இதை ஏற்காமல், நங்கூரம் போன்ற ஒரு நுழைவாயிலிலிருந்து கோபுரம் வரை தங்களுக்கே உரிய சுரங்கவழியை வைத்துக்கொண்டன. அந்த வழியே இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்னொரு தடங்கல், இணையத்தில் பொட்டலங்களைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. விதிமுறையிலிருந்து வந்தது. பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைப்பது அதன் இயல்பு. கம்பியில்லா இணைப்பில் பொட்டலம் தொலைவது பெரும்பாலும் அலைக்கோளாறால். வேகத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று பெர்க்கிலியில் ஆய்வு செய்த ஹரி பாலகிருஷ்ணன், தன் குழுவினரோடு 1995இல் இதற்கு ஒரு வழி கண்டார். கோபுரத்திலேயே பொட்டலங்களின் நகலை வைத்திருந்து, தொலைந்ததை அங்கிருந்தே மறுபடி அனுப்பி, தொலைந்தது என்ற செய்தி அனுப்பியவரை எட்டாமல் பார்த்துக்கொள்ளும் முறை அது.

தரத்துக்கு முன்பதிவு செய்யும் விதிமுறைகளும் அதே காலத்தில் இணையத்தில் உருவாயின. அனுப்புநரிலிருந்து பெறுநர் வரை வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் இடம் பிடித்துவைக்கும் ஏற்பாடு 1997இல் தரமாயிற்று. பயனர் நகர்ந்தவுடன் வழி மாறும், பிடித்த இடம் வீணாகும். போகக்கூடிய எல்லாச் செல்களிலும் முன்கூட்டியே இடம் பிடிக்கலாம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அப்படிச் செய்தால் வலையமைப்பு வெற்றிடங்களால் நிரம்பிவிடும். பயனரின் திசையையும் வேகத்தையும் கணித்து, அவர் போகக்கூடிய செல்களில் மட்டும், வாய்ப்பின் அளவுக்கேற்ப ஒதுக்கும் நிழல்தொகுதி முறையை 1997இல் லெவின், அக்யில்டிஸ், நாக்ஷினே ஆகியோர் முன்வைத்தார்கள். 1986ஆம் ஆண்டின் காவல் அலைவரிசை இங்கே ஊகத்தோடு நகரும் காவலாக மாறியது.

ஒரே வகைக் கோபுரங்களுக்கு இடையிலான மாற்றத்தைத் தாண்டி, செல்பேசியிலிருந்து வைஃபைக்கும் திரும்பவும் தாவுவதை 1998இல் பெர்க்கிலியின் ஸ்டெம், காட்ஸ் இருவரும் செங்குத்துக் கைமாற்றம் என்று வகைப்படுத்தி ஆராய்ந்தார்கள். எந்த வலையமைப்பு சிறந்தது என்பது இங்கே அலையின் வலுவை மட்டும் பொறுத்ததில்லை. கட்டணம், வேகம், பேட்டரி எல்லாம் கணக்கில் வந்தன. 2000களில் அடுத்த தலைமுறை வலையமைப்பு என்ற தலைப்பில் வந்த ஆய்வுகளில் பெரும்பங்கு இதைப் பற்றியதே. இதற்காக உருவான ஐ.இ.இ.இ. 802.21 தரம் சந்தையில் வேரூன்றவில்லை. போட்டி நிறுவனங்களின் வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வாடிக்கையாளரை ஒப்படைக்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டப்பட்ட எதுவும் எளிதில் நிற்பதில்லை. தீர்வு வலையமைப்பின் விளிம்பிலிருந்து வந்தது. ஒரே இணைப்பை இரண்டு பாதைகளில் ஓட்டும் பன்வழி டி.சி.பி.யும், முகவரி மாறினாலும் தன் அடையாள எண்ணால் தொடரும் குவிக் விதிமுறையும் (2021இல் தரமானது) வலையமைப்பின் அனுமதி கேட்காமலே பெருமளவு இதைச் சாதித்துவிட்டன.

2009 டிசம்பர் 14 அன்று ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய எல்.டி.இ. என்னும் 4ஜி, மென்கைமாற்றத்தைக் கைவிட்டது. மையக் கட்டுப்பாட்டு நிலையங்களை நீக்கி, கோபுரங்களையே ஒன்றோடொன்று நேரடியாகப் பேசவைத்தது. கைமாறும் கணத்தில் பழைய கோபுரம் தன்னிடம் தேங்கிய பொட்டலங்களைப் புதிய கோபுரத்துக்குத் தள்ளிவிடும். வெட்டு உண்டு, இழப்பு இல்லை. தரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு போக்குவரத்துக்கும் ஒரு வகுப்பு எண் வந்தது. குரலுக்குரிய முதல் வகுப்பில் தாமதம் 100 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். நூறில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் பொறுக்கலாம். சாதாரணத் தரவுக்குரிய ஒன்பதாம் வகுப்பில் 300 மில்லிவிநாடி வரை தாமதிக்கலாம். ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. காது சிறு இழப்பைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது, கோப்புக்கு நேர்மாறு. 2016இல் ஜியோ 4ஜியில் மட்டுமே இயங்கும் வலையமைப்போடு வந்தபோது, இந்தியாவில் குரலும் பெருமளவில் இந்த வகுப்பு எண்ணை நம்பிப் பொட்டலமாக ஓடத் தொடங்கியது. கைமாற்ற அளவுகளைக் கையால் திருத்தும் வேலையும் குறைந்தது: மிக முந்தி, மிகப் பிந்தி, தவறான செல்லுக்கு என்று தோல்விகளை வகைபிரித்து வலையமைப்பே தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை தரங்களில் இடம்பெற்றது.

5ஜிக்கு ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இலக்கு கடுமையானது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்திலும் சேவை, கைமாற்றத்தில் இடைவெளி 0 மில்லிவிநாடி. மில்லிமீட்டர் அலைகளை நம்பிய பகுதிகளில் சிக்கல் கூடுதல், ஏனெனில் அங்கே கோபுரம் குறுகிய கற்றைகளால் பயனரைத் தொடர்கிறது. ஒரு லாரி குறுக்கே வந்தாலும் கற்றை அறும். பழைய முறைகளில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. மாறச் சொல்லும் கட்டளை வலையமைப்பிலிருந்து வர வேண்டும். அது தேவைப்படும் நேரமோ பழைய கோபுரத்தின் அலை மிகவும் நலிந்திருக்கும் நேரம். கட்டளை எட்டாமலே பல அழைப்புகள் அறுந்தன. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு 2020இல் முடித்த பதினாறாம் தரத்தொகுப்பு நிபந்தனைக் கைமாற்றத்தைக் கொண்டுவந்தது. அலை நன்றாக இருக்கும்போதே கட்டளையும் நிபந்தனையும் கைபேசியிடம் கொடுக்கப்படும். நிபந்தனை நிறைவேறிய கணத்தில் யாரையும் கேட்காமல் கைபேசி மாறும். கோபுரம் முடிவெடுத்த காலத்திலிருந்து, முடிவைக் கைபேசியிடமே ஒப்படைக்கும் கட்டத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது. அதற்கு விலை, வராமலே போகக்கூடிய ஒருவருக்காகப் பல கோபுரங்கள் இடம் ஒதுக்கிக் காத்திருப்பது. அதே தொகுப்பில், புதிய இணைப்பு உறுதியாகும்வரை பழையதை விடாத முறையும் வேறொரு பெயரில் திரும்பி வந்தது; 4ஜி தொடக்கத்தில் தேவையில்லை என்று ஒதுக்கியதை, இடைவெளியே கூடாது என்ற இலக்கு மறுபடி தேவையாக்கிவிட்டது.

2022இல் முடிந்த பதினேழாம் தொகுப்பு செயற்கைக்கோளையும் கோபுரமாக ஏற்றுக்கொண்டது. சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் கற்றை தரையில் 50 கிலோமீட்டர் குறுக்களவுள்ள செல்லை விழுத்தி அதையும் கூடவே இழுத்துச்சென்றால், அசையாமல் நிற்கும் பயனரையும் அந்தச் செல் 7 விநாடிக்குள் கடந்துவிடும். செல்லில் உள்ள எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைமாற வேண்டியிருக்கும். செல்லின் நடுவுக்கும் விளிம்புக்கும் அலையின் வலுவில் பெரிய வேறுபாடும் அங்கே கிடையாது. ஆகவே அலையை மட்டும் அளந்து முடிவு செய்யும் பழைய வழி போதாமல், செயற்கைக்கோளின் பாதைக் கணக்கிலிருந்து பெறும் நேரத்தையும் பயனர் நிற்கும் இடத்தையும் நிபந்தனையாகக் கொண்டு மாறும் விதிகள் அந்தத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன.